கார்பனுக்கு உலகக் கணக்கு, தண்ணீருக்கு ஆற்றுக் கணக்கு

2024 பொங்கலுக்கு முந்தைய சில நாட்களைப் பினாங்குக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக ஜனவரி 10 முதல் 14 வரை தண்ணீரை நிறுத்தினார்கள். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் தோங், அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைத்தோம். கல்யாண வீட்டுக்கு இரவல் போகும் பெரிய தேக்சாவுக்கும் அன்று வேலை வந்தது. "போகிக்கு வீட்டக் கழுவ வேணாமா?" என்று அம்மா நாள் முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் அக்கா மகள் மடிக்கணினியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை. வெளிநாட்டுத் தலைமையகம் ஆண்டுதோறும் அனுப்பும் நீண்ட படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கட்டம், ஆலை இருக்கும் வட்டாரத்தின் நீர் அழுத்தம், அதாவது தண்ணீர் நெருக்கடி, எவ்வளவு என்று கேட்டது. அதை அவள் நிரப்பத் தேவையில்லை. ஊர்ப் பெயரைத் தட்டியதும் மென்பொருளே ஓர் உலக வரைபடத்தைப் பார்த்து 'குறைவு' என்று போட்டுவிட்டது. இரண்டு நாளாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாத அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "மாமா, நாம தண்ணிக் கஷ்டமே இல்லாத ஊர்ல இருக்கோமாம்."

வரைபடம் பொய் சொல்லவில்லை. உலக வளக் கழகத்தின் 'அக்வடக்ட்' போன்ற கருவிகள் ஒரு வட்டாரத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு நீர் கிடைக்கிறது, அதில் மனிதர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று வகுத்துப் பார்த்து நிறம் தீட்டுகின்றன. மழை கொட்டும் மலேசியா அந்தக் கணக்கில் பெரும்பாலும் கவலை இல்லாத நிறத்தில்தான் தெரியும். ஒரு மாநிலமே மூடா என்ற ஒற்றை ஆற்றை நம்பி இருப்பதும், அந்த ஆறு பக்கத்து மாநிலமான கெடாவின் காட்டில் பிறப்பதும், இரண்டு வால்வு பழசானால் நான்கு நாள் குழாய் காய்வதும் அந்தக் கணக்கில் வராது.

நிறுவனங்களின் பசுமை அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அவற்றில் வாயு வெளியேற்றத்துக்கு ஓர் அத்தியாயம், தண்ணீருக்கு ஓர் அத்தியாயம் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள்: இத்தனை விழுக்காடு குறைத்தோம், இந்த ஆண்டுக்குள் பூஜ்யமாக்குவோம், மிச்சத்தை ஈடுகட்டுவோம். கார்பனுக்கு அந்த நடை ஓரளவு பொருந்தும். பாயான் லெப்பாஸில் போன ஒரு டன் கார்பன் டை ஆக்சைடும் பிரேசிலில் போன ஒரு டன்னும் வானத்துக்கு ஒன்றுதான். தண்ணீர் அப்படியில்லை. மூடா ஆற்றில் எடுத்ததை மூடா ஆற்றில்தான் ஈடுகட்ட முடியும்.

சரி, முதலில் கார்பன் கணக்கு.

பாகான் ஆஜாமில் என் அத்தை தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து முறுக்கு சுட்டு விற்கிறார். அவரிடம் யாராவது வெளியேற்றக் கணக்குக் கேட்டால் மூன்று பகுதியாகச் சொல்ல வேண்டும். அடுப்பில் எரியும் கேஸ் அவர் கையால் எரிவது, அது முதல் வகை. மாவு அரைக்கும் கிரைண்டருக்கும் மின்விசிறிக்கும் தெனாகாவிடம் வாங்கும் மின்சாரம் வேறெங்கோ ஒரு மின்நிலையத்தில் எரிந்து வருவது, அது இரண்டாம் வகை. அரிசி விளைந்த வயல், எண்ணெய் வந்த செம்பனைத் தோட்டம், மூட்டையை ஏற்றி வந்த லாரி, முறுக்குப் பொட்டலத்தை வாங்கிப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள், கடைசியில் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் பை, இத்தனையும் மூன்றாம் வகை. 2001இல் முதலில் வெளிவந்த பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறை வகுத்த பிரிவு இது. உலகம் முழுதும் நிறுவனங்கள் இன்றுவரை இதைத்தான் பின்பற்றுகின்றன. அத்தையின் கணக்கில் மூன்றாம் வகைதான் பெரிதாக இருக்கும். பெரும்பாலான கம்பெனிகளுக்கும் அப்படித்தான், கணக்கெடுக்கக் கடினமானதும் அதுதான்.

பினாங்கு ஆலைகளின் சொந்தக் கணக்கில் பெரியது இரண்டாம் வகை. மின்னணுச் சில்லு (சிப்) செய்யும் தொழிலில் இரண்டு கட்டங்கள் உண்டு. சிலிக்கான் தட்டில் மின்சுற்றைப் பொறிப்பது முன்கட்டம். அந்தத் தட்டை அறுத்து, கம்பி இணைத்து, உறை போட்டு, சோதித்து அனுப்புவது பின்கட்டம். முன்கட்டத்தில் பொறிப்பதற்கு ஃபுளோரின் கலந்த வாயுக்கள் தேவை. அவற்றில் கார்பன் டெட்ராஃபுளோரைடு ஒன்றைச் சொன்னால் போதும். எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 6,600 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், காற்றில் கலந்தால் 50,000 ஆண்டுகள் இருக்கும். பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கி, இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே திறந்த காலத்திலிருந்து இங்கே நடப்பது பெரும்பாலும் பின்கட்ட வேலை. தோட்டப்புறங்களிலிருந்து நம் அக்காமார் கிலாங் (ஆலை) பஸ் ஏறிப் போய் நுண்ணோக்கியில் கண் வைத்துச் செய்த வேலை அதுதான். இன்று உலகின் சில்லு உறையிடல், சோதனைப் பணிகளில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. இந்த வேலைக்கு அந்த வாயுக்கள் அதிகம் வேண்டியதில்லை. குளிரூட்டிய, தூசியில்லாத அறைகள் இரவு பகலாக ஓட வேண்டும். ஆக, மின்சாரம்.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் பிறக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆலை எவ்வளவுதான் விளக்கை அணைத்தாலும் இந்த முக்கால் கிலோவை அது தொட முடியாது. அதைத் தொடுவது தெனாகாவும் அரசாங்கமும்தான். ஆனால் பல அறிக்கைகளில் இரண்டாம் வகை வெளியேற்றம் ஒரே ஆண்டில் சரசரவென்று இறங்கியிருக்கும். கூரையில் அவ்வளவு சூரியத் தகடா போட்டார்கள் என்று பார்த்தால், இல்லை. பசுமை மின்சாரச் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. கணக்கு நெறிமுறையே இரண்டு விதமாகக் கணக்குப் போடச் சொல்கிறது. நீங்கள் இருக்கும் இடத்து மின்கட்டமைப்பின் சராசரியை வைத்து ஒன்று, நீங்கள் என்ன ஒப்பந்தம் போட்டு எந்தச் சான்றிதழ் வாங்கினீர்கள் என்பதை வைத்து இன்னொன்று. முதலாவது இட வழிக் கணக்கு, இரண்டாவது சந்தை வழிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். தெனாகாவின் பசுமை மின்கட்டணத் திட்டத்தில் 2022இல் யூனிட்டுக்கு 3.7 சென் கூடுதலாகக் கட்டினால் சூரிய ஒளி, நீர்மின் நிலைய மின்சாரத்தை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தது. பிறகு கட்டணத்தை மாற்றினார்கள். எனக்கு இதில் உள்ள உறுத்தல் ஒன்றுதான். பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அணையின் மின்சாரத்தை இன்று என் பெயருக்கு எழுதிக்கொண்டால், என் அறிக்கை பச்சையாகும். எங்கோ எரியும் நிலக்கரி ஒரு கரண்டி கூடக் குறையாது. புதிய சூரியப் பண்ணை ஒன்று எழும்ப இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டுத் துணை நிற்கும் கம்பெனி வேறு ரகம். 2024இல் தொடங்கிய பெருநிறுவனப் புதுப்பிக்கத்தக்க மின் விநியோகத் திட்டம் அப்படிப்பட்ட நேரடி ஒப்பந்தங்களுக்கு வழி திறந்திருக்கிறது. அறிக்கையில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தக் கம்பெனியை நம்பலாம். சந்தை வழி எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இட வழி எண்ணை அடிக்குறிப்பில் தேடுங்கள்.

இன்னொரு பழைய வித்தை, வகுத்துச் சொல்வது. அத்தை போன தீபாவளிக்கு 100 கிலோ முறுக்கு சுட்டார், இந்தத் தீபாவளிக்கு 300 கிலோ. பெரிய அடுப்பு வாங்கியதால் கிலோவுக்கு ஆகும் கேஸ் குறைந்துவிட்டது. மொத்தத்தில் காலியான சிலிண்டர்கள் மட்டும் கூடியிருக்கின்றன. 'கிலோவுக்கு இவ்வளவு குறைத்தோம்' என்பதும் உண்மை, மொத்தம் கூடியது என்பதும் உண்மை. மலேசியாவின் 2030 இலக்கே இப்படி வகுத்துச் சொன்ன இலக்குதான். 2005ஐ ஒப்பிட, உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வெளியேறும் கார்பனை 45 விழுக்காடு குறைப்பது என்பது வாக்குறுதி. பொருளாதாரம் வளர்ந்துகொண்டே போகும் நாட்டில் மொத்தம் குறைய வேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

யார் கேட்டு இத்தனை கணக்கும் எழுதுகிறார்கள்? ஒரு பக்கம் அரசாங்கம். 2024 செப்டம்பரில் அறிமுகமான தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு, 200 கோடி வெள்ளியும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள, பங்குச் சந்தையின் முதன்மைச் சந்தைக் கம்பெனிகளை 2025 கணக்கிலிருந்து அனைத்துலகத் தரத்தில் எழுதச் சொல்கிறது. முதன்மைச் சந்தையின் மற்றக் கம்பெனிகள் 2026இல், வளரும் கம்பெனிகளுக்கான ஏஸ் சந்தையில் உள்ளவையும் பட்டியலிடாத பெரிய நிறுவனங்களும் 2027இல். இன்னொரு பக்கம், உண்மையான நெருக்கடி தரும் பக்கம், வாடிக்கையாளர்கள். ஆப்பிள் போன்ற நிறுவனத்தின் மூன்றாம் வகைதான் பினாங்கு ஆலையின் முதல் வகையும் இரண்டாம் வகையும். அது தன் கார்பன் கணக்கை 2030க்குள் சமன் செய்வதாக உலகுக்குச் சொல்லிவிட்டதால், கேள்வித்தாள் படிப்படியாக இறங்கிப் பிறைத் தொழிற்பேட்டையில் முப்பது பேர் வேலை பார்க்கும் உலோகப் பட்டறை வரை வந்துவிடுகிறது. பட்டறை முதலாளிக்குக் கார்பன் என்றால் லேத்தில் படியும் கரி. அவரும் அந்தத் தாளை நிரப்பித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் போய்விடும்.

அப்புறம் தண்ணீர். பினாங்கைப் பொறுத்தவரை எனக்கு இதுதான் பெரிய கதை.

இந்தத் தீவின் பழைய தண்ணீர்க் கதை நம் வாயிலேயே இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் இடத்தைத் தண்ணீர்மலை என்கிறோம். அந்த மலை அருவிதான் ஜார்ஜ்டவுனின் ஆரம்பகாலக் குடிநீர். மாட்டு வண்டிகளில் நகரத்துக்குத் தண்ணீர் இழுத்து வந்த சாலை இன்றைய பர்மா ரோடு. மலாய்க்காரர்கள் அதை 'தண்ணீர் இழுக்கும் சாலை' என்றும், சீனர்கள் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்றும் அழைத்தார்கள். எடுத்த தண்ணீரும் குடித்த ஊரும் ஒரே மலையடிவாரத்தில் இருந்த காலம் அது.

இன்று பினாங்கின் கச்சா நீரில், அதாவது இன்னும் சுத்திகரிக்காத நீரில், 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. கெடாவின் உலு மூடா காடுகளில் பிறந்து, கெடாவுக்கும் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்கும் எல்லைக் கோடாக ஓடி, கடலில் விழும் ஆறு. கடாரம் என்று நம் கல்வெட்டுகள் சொல்லும் பூஜாங் பள்ளத்தாக்கு அதன் வடகரையை ஒட்டித்தான் இருக்கிறது. 1,60,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த அந்தக் காடு நம் குழாய்க்கு மட்டும் ஊட்டவில்லை. நாட்டின் அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை விளைவிக்கும் மூடா பாசனத் திட்டத்தின் அணைகளுக்கும் அங்கிருந்துதான் நீர். வயலுக்குப் போய், கெடாவின் ஊர்களுக்குப் போய், மிச்சம் வருவதைத்தான் நாம் கடலுக்குச் சற்று முன்னால் பிடித்துக்கொள்கிறோம். மெங்குவாங் அணையில் இருப்பதும் பெரும்பாலும் மூடாவிலிருந்து இறைத்துச் சேர்த்த நீர்தான்.

கெடா மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் சனுசி இந்தக் கச்சா நீருக்கு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி கேட்டு வருகிறார். பினாங்கு, எல்லை ஆற்றில் எங்கள் கரையில் நின்று எடுக்கிறோம், எதற்குக் காசு என்கிறது. சட்டத்தில் யார் பக்கம் என்ற வாதம் இருக்கட்டும். மரம் வெட்டினால் கெடாவுக்கு வருமானம், மரத்தை நிற்க விட்டால் பினாங்குக்குத் தண்ணீர். நிற்க விட்டவனுக்கு என்ன கிடைக்கிறது? காடு காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019 முதல் நிதி கொடுத்து வருகிறது. 6 கோடி வெள்ளியில் தொடங்கி 2024 பட்ஜெட்டில் 20 கோடி வரை உயர்த்தினார்கள். அது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பிரிப்பது.

சரி, ஆலைக்குள் இந்தத் தண்ணீர் என்ன ஆகிறது? இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, கழுவுவது. சிலிக்கான் தட்டை வைரப் பல் சக்கரத்தால் அறுக்கும்போது வரும் தூளை நீரால்தான் அடித்துத் தள்ள வேண்டும். உப்பு, உலோகம், கிருமி எதுவும் இல்லாத அதிதூய நீர் அதற்கு வேண்டும். அது 1,000 லிட்டர் எடுக்கச் சுமார் 1,400 முதல் 1,600 லிட்டர் குழாய்த் தண்ணீர் போகும், மீதி உப்பு மிகுந்த கழிவாக ஒதுங்கும். இன்னொன்று, குளிர்விப்பது. கூரைமேல் புகை போல வெண்ணிறமாக வருகிறதே, அது புகையில்லை, குளிர்கோபுரத்திலிருந்து ஆவியாகிப் போகும் நம் மூடா ஆறு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். வெப்பத்தை வெளியேற்ற இதைவிட மலிவான வழி கிடையாது.

அறிக்கையில் இங்கே மூன்று சொற்கள் வரும்: எடுத்தது, திருப்பி விட்டது, நுகர்ந்தது. எடுத்ததில் திருப்பி விட்டதைக் கழித்தால் நுகர்ந்தது. இத்தகைய அறிக்கைகளுக்குத் தரம் வகுக்கும் ஜிஆர்ஐ அமைப்பின் 2018 நீர்த் தரம் இப்படித்தான் வரையறுக்கிறது. 100 லிட்டர் எடுத்து, சுத்திகரித்து 80 லிட்டரை வெளியே விட்டால், கம்பெனி 20 லிட்டர்தான் நுகர்ந்தது என்று கணக்கு. ஓர் ஆற்றங்கரை ஆலைக்கு இது நியாயமான கணக்கு. மேலே எடுத்தவன் கீழே விட்டால் அடுத்த ஊர்க்காரன் எடுத்துக்கொள்வான். பாயான் லெப்பாஸில்? தண்ணீர் மூடாவில் எடுத்து, சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலடிக் குழாயில் தீவுக்கு வருகிறது. ஆலை திருப்பி விடும் 80 லிட்டரும் வாய்க்கால் வழியே பக்கத்துக் கடலுக்குப் போகிறது. மூடா ஆற்றுக்கு ஒரு சொட்டும் திரும்பவில்லை. ஆற்றின் கண்ணில் அந்த ஆலை நுகர்ந்தது 100 லிட்டர். எந்தப் பொய்யும் சொல்லாமல் 20 என்று எழுத முடிகிறது, பாருங்கள்.

மறுசுழற்சி செய்யலாமே என்றால், செய்கிறார்கள். தட்டு அறுத்த நீரை வடிகட்டிக் குளிர்கோபுரத்துக்கு அனுப்புவது, கழிப்பறைக்கு மழைநீர் சேர்ப்பது எல்லாம் இங்கே புதிதில்லை. இதை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் கணக்குப் பிரிவு. தண்ணீர் இங்கே மலிவு. வீட்டுக்குப் பல ஆண்டுகள் முதல் 20,000 லிட்டர் வரை 1,000 லிட்டருக்கு 22 சென் தான் கட்டிக்கொண்டிருந்தோம். ஆலைக் கட்டணம் கூடுதல் என்றாலும் மின்கட்டணத்தின் பக்கத்தில் அது சில்லறை. மறுசுழற்சி இயந்திரத்துக்குப் போட்ட காசு திரும்ப எத்தனை ஆண்டு என்று கேட்டால், தண்ணீர் பில்லை வைத்துப் பார்க்கிறவர் தலையை ஆட்ட மாட்டார். நான்கு நாள் குழாய் நின்றால் உற்பத்தி வரிசைக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறவர் ஆட்டுவார். 2024 ஜனவரிக்குப் பிறகு தனக்கு ஒரு கூட்டத்தில் நாற்காலி கிடைத்தது என்று அக்கா மகள் சொன்னாள். அதற்கு முன் அந்தக் கூட்டத்துக்கு அவளை யாரும் அழைத்ததில்லை.

பெரும்பாலான அறிக்கைகள் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. தண்ணீரை மிச்சப்படுத்தினால் மின்சாரம் கூடும், மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் தண்ணீர் கூடும். குளிர்கோபுரத்தை எடுத்துவிட்டுக் காற்றால் குளிர்விக்கும் இயந்திரம் வைத்தால் ஆவியாகும் நீர் மிச்சம், நம் வெயிலுக்கு மின்கட்டணம் ஏறும், அதோடு யூனிட்டுக்கு முக்கால் கிலோ. கழிவுநீரை நுண்சவ்வு வழியே அழுத்தி மறுசுழற்சி செய்தால் பம்புக்கு மின்சாரம். கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் ஆகும். நம் மின்கட்டமைப்பில் அது இரண்டேகால் கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு. பினாங்கு கடல்நீர்த் திட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறது, பேராக் ஆற்று நீருக்கும் கையேந்திப் பார்த்துவிட்டது. ஆக, தண்ணீர் அத்தியாயத்தில் வாங்கிய பாராட்டு வெளியேற்ற அத்தியாயத்தில் கடனாக ஏறும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் அறிக்கை என் கண்ணில் அதிகம் படவில்லை. பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு பிரிவினர் எழுதி, ஒரு விளம்பரக்காரர் கோத்துக் கொடுத்தது போல இருக்கும்.

இப்போது 'நிகர நேர்மறை நீர்' என்ற சொல் வந்திருக்கிறது. எடுப்பதைவிட அதிகமாக இயற்கைக்குத் திருப்பித் தருவோம் என்று பொருள். இன்டெல், மைக்ரோசாஃப்ட் இரண்டும் 2030ஐக் குறிவைத்து இந்த வாக்கைக் கொடுத்திருக்கின்றன. இதற்கு ஓடையைச் சீர்செய்வார்கள், ஈரநிலத்தை மீட்பார்கள், விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பார்கள், அதனால் சேரும் லிட்டரைத் தங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். நல்ல வேலைகள்தான், மறுக்கவில்லை. அந்த வரவு எந்த ஆற்றில் என்பதுதான் கேள்வி. உலக மொத்தத்தைக் கூட்டிக் கழித்துச் சொன்னால், அமெரிக்காவின் பாலைவன ஓடையில் சேர்த்த லிட்டர் பினாங்கில் எடுத்த லிட்டரை மூடி மறைத்துவிடும். கார்பனில் செல்லுபடியாகும் அந்தக் கழித்தல் தண்ணீரில் செல்லாது. நீர்ப் பேணலுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட தரம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேலிக்கு உள்ளே சிக்கனம் மட்டும் போதாது, நீங்கள் குடிக்கும் வடிநிலத்தில் வேறு யார் குடிக்கிறார்கள், அதை யார் நிர்வகிக்கிறார்கள், எந்தக் காடு அதைக் காக்கிறது என்று பார்த்து அவர்களோடு உட்காருங்கள். பினாங்கு ஆலைக்கு அந்த மேசை கெடாவின் தலைநகரான அலோர் ஸ்டாரில் போட வேண்டிய மேசை. கம்பெனிகள் அரசியல் மேசைக்குக் கூச்சப்படும். வரிச் சலுகை கேட்கும்போது மட்டும் அந்தக் கூச்சத்தைக் காணோம்.

அளவைப் பற்றியே பேசிவிட்டேன். தரமும் உண்டு, அதில் நம் பக்கத்துக்கு நீண்ட நினைவு இருக்கிறது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து கோலா ஜூரு மீனவர்களின் வலை காலியானபோது, அவர்களுக்குத் துணை நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். பல்லாண்டுகள் அதன் தலைவராக இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் நம் தமிழ் முஸ்லிம். அன்று நிலைத்தன்மை அறிக்கை என்று ஒன்று இல்லை, மீனவர்கள் மனு எழுதிக்கொண்டு அலைந்தார்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2024இல்தான் அதன் உச்ச அபராதம் ஒரு கோடி வெள்ளியாக ஏறியது. இடையில் 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் கோங் ஆற்று மாசு நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வைத்து, கோலாலம்பூரையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குதாரர்களின் குழாயைக் காய வைத்தது. ஒரு பெரிய கம்பெனி பத்தாண்டு சிக்கனம் செய்து மிச்சம் பிடிப்பதை, மேலே ஒரு பட்டறை ஒரே இரவில் கொட்டிக் கெடுத்துவிடலாம். அந்தப் பட்டறை பெரும்பாலும் எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

பினாங்கில் எது கணக்கை உண்மையில் மாற்றும் என்று கேட்டால், எனக்கு முதலில் தோன்றுவது ஊர்க் கழிவுநீர். சிங்கப்பூர் 2003 முதல் சாக்கடை நீரைச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' என்று பெயரிட்டுச் சில்லு ஆலைகளுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கிறது. மக்கள் குடிக்கத் தயங்கலாம், சிலிக்கான் தட்டுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அதிதூய நீர் செய்யும்போது எப்படியும் எல்லாவற்றையும் வடிகட்டத்தான் போகிறார்கள். இங்கே ஜெலுத்தோங்கில் ஜார்ஜ்டவுனின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம் கடலோரம் நிற்கிறது, பாயான் லெப்பாஸுக்குப் போகும் விரைவுச்சாலை அதற்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. தனி ஓர் ஆலை இதைச் செய்ய முடியாது, குழாய் போட மாநிலம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆலைகள் இருபது ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் குழாய்க்குக் கடன் கிடைக்கும். சூரியப் பண்ணைக்குப் போடும் அதே மாதிரி ஒப்பந்தம்தான். மின்சாரம் செலவாகும், ஆனால் கடல்நீரை விடக் குறைவு, உப்பு அவ்வளவு இல்லையே.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "மாமா, எனக்கு அந்தப் படிவத்துல எங்க எழுதறதுன்னு சொல்லுங்க" என்றாள். உண்மைதான். படிவத்தில் தண்ணீரின் மூலம் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க ஐந்து விருப்பங்கள்: மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், கடல்நீர், உற்பத்தியில் வெளிப்படும் நீர், மூன்றாம் தரப்பு நீர். குழாய்த் தண்ணீர் வாங்கும் ஆலை கடைசியைத்தான் தொட வேண்டும். அந்த மூன்றாம் தரப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற துணைக்கேள்வி, வரைபடத்தில் நீர் அழுத்தம் அதிகம் என்று காட்டும் ஊர்களுக்கு மட்டுமே திறக்கும். நமக்குத்தான் 'குறைவு' ஆயிற்றே.

இந்த ஆண்டு அவள் குறிப்புப் பெட்டியில் 'மூடா ஆறு' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். மறுநாள் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்ததாம், அந்த சப்ளையரின் பதிவு எண்ணைக் கேட்டு.